இல்லைன்னு ஒரு சீட்டு

— ஒரே ஒரு சீட்டைத்தான் மேசை மேல வெச்சேன் சுபான் பாய். சேலத்து இன்சூரன்ஸ் மேனேஜரு எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் எனக்குக் கும்புடு போட்டாரு! மேல சுத்திக்கிட்டிருந்த ஃபேனே நின்னு போச்சு!

— கரண்டு போயிருக்கும், தீர்த்தகிரி. மில்லுல கிளார்க்கா இருந்தப்ப அடக்கி வெச்ச பொய்யையெல்லாம் ரிட்டயர் ஆனதும் என் துணிக்கடையில கொட்டறீங்க. சந்தை நாளு, யாவாரத்தைப் பாக்க வுடுங்க.

— பொய்யா? உங்க தங்கச்சி வூட்டுக்காரரு ஹயாத் பாஷா மில்லு ஏணியில இருந்து வுழுந்தாரே, அதும் பொய்யா?

— அது நெசம். எலும்பு கூடியும் கை இடுப்புக்கு மேல ஏறாம நின்னதும் நெசம். இன்னைக்கு மில்லு டாக்டரு முன்னால தூக்கிக் காட்டலைன்னா வேலை போயிரும். காலைல போனவன் இன்னும் வரல. நான் தெருவையே பாத்துக்கிட்டிருக்கேன், நீங்க ஃபேனு கதை சொல்றீங்க!

— கைப் பயிற்சி முடியட்டும்னு நாப்பது நாளா வாயைக் கட்டி வெச்சிருந்தேன் பாய், இன்னைக்கு முடியல! மில்லுத் தொழிலாளிக்குன்னு இருக்கற ஈ.எஸ்.ஐ.ல ஆபரேசன், மாத்திரை எல்லாம் இனாமு. கைக்குப் பயிற்சி குடுக்கற பிசியோதெரபி மட்டும் நம்ம டிஸ்பென்சரியில கெடையாது. சேலத்துல தனியாருகிட்டதான் போவணும். அதுக்கு ஒதவற மாதிரி ஹயாத்து சொந்தமா கட்டுன இன்சூரன்ஸ் பாலிசி இருக்குது. அதை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாரு மனுசன்!

— எதுக்கு?

— ரெண்டு எடத்துல கை நீட்டுனா ரெண்டும் போயிரும்னு பயம்! நாந்தான் பானையைக் கவுத்தேன். மூணு மூட்டை அரிசி வூடெல்லாம் ஓடுச்சு!

— ஒரு பானைக்குள்ள மூணு மூட்டை!

— அட, கேளுங்க பாய். ஒரே செலவை ரெண்டு பேருகிட்ட வாங்குனாத்தான் தப்பு. ஈ.எஸ்.ஐ.ல இருக்கறத அங்க வாங்கு, இல்லாதத பாலிசியில வாங்கு. ஆனா இல்லைங்கறதுக்கு அத்தாட்சி வேணுமில்ல? டிஸ்பென்சரி டாக்டரம்மாகிட்ட போனேன். "எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம்மா. இந்த சிகிச்சை இங்க இல்லைன்னு ஒரு வரி எழுதி சீல் போடுங்க"ன்னேன். "எல்லாரும் குடுங்கன்னுதான் வருவாங்க, இல்லைன்னு கேட்டு வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்"னு வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க!

— அதைப் பாத்துட்டா மேனேஜரு கும்புட்டாரு?

— மொதல்ல, "ஈ.எஸ்.ஐ.காரருக்கு நாங்க எதுக்குத் தரணும்"னாரு. சீட்டை வெச்சேன். கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் படிச்சாரு. "இவ்வளவு பக்காவா பேப்பரு நான் பாத்ததே இல்லைங்க"ன்னு எழுந்தாரு. நாப்பது நாளு பயிற்சிச் செலவும் பாஸ்!

— சரிதான் போங்க.

— மச்சான்! மச்சான்! கிளார்க்கய்யா!

— ஹயாத்து! என்னாச்சுடா? டாக்டரு என்ன சொன்னாரு?

— சொல்றேன் மச்சான். மொதல்ல அந்த மேல் தட்டுல இருக்குற ஜமக்காளக் கட்டை எறக்கணும், நகருங்க. ஸ்டூலு வேணாம். இந்தா... இந்தாங்க!

— பாத்தீங்களா பாய்! வத்தல்மலையையே எறக்கி வெச்சிரும் போல அந்தக் கை! இப்பவாச்சும் நம்பறீங்களா?

— ஃபேன் நின்னது பொய், தீர்த்தகிரி. அது நல்லாத்தான் சுத்துச்சு. மேனேஜரு எழுந்து கும்புட்டது நெசம்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இன்சூரன்சுல எங்க தரப்போறாங்க, பயிற்சிச் செலவை நாமளே கட்டிருவோம்னு அன்னைக்குக் கடையைப் பூட்டிட்டு, பணத்தோட அந்தச் சேலத்து ஆபீசுல உங்களுக்குப் பின்னாடி பெஞ்சுல நாந்தானே உக்காந்திருந்தேன்.