மூடி போட ஒரு ஆள்

சமையற்கூடத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டால் எல்லோரும் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் குறை சொல்வார்கள். நீங்கள் தளக்கல்லைப் பெயர்த்துப் பார்த்திருக்கிறீர்கள். கொத்தனாகச் சொல்கிறேன் ஐயா, அதுதான் முறை.

அந்தப் பழைய சாக்கடையைக் கண்டுபிடித்தது நான்தான். இந்தச் சிறையில் கைதிகளுக்குள் கொத்து வேலை தெரிந்தவன் நான் ஒருவன். கல் ஆடுகிறது, பூசு என்று அனுப்பினார்கள். தூக்கினால், ஆள் தவழ்ந்து போகும் அகலத்தில் ஒரு வழி. எங்கள் கொட்டடிக்காரர்கள் காவலுக்கு நிற்க, முதலில் நான் இறங்கிப் போனேன். கடைசியில் ஆறு தெரிந்தது. ஆற்றுக்கும் எனக்கும் நடுவே மணிக்கட்டுப் பருமனில் இரும்புக் கம்பிகள். திரும்பி வந்துவிட்டேன்.

தலையை வெளியே நீட்டியபோது எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் எங்கள் கொட்டடியில் போர்வையைக் கிழித்துக் கயிறு திரிப்பவர்கள் அதிகம். சுவர் ஏறுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள், உத்தரத்தில் மாட்டத்தான். "ஆத்துக்குப் போகுது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு போர்வையும் கிழியவில்லை. சாப்பாட்டைக் குறை சொல்வதுகூட நின்றுபோனது.

முதலில் போனவன் பால்காரன். அவசரக்காரன், நான் யோசித்து ஏதாவது சொல்வதற்குள் இறங்கிவிட்டான். காவலர் கண்ணில் படாமல் கல்லை வைத்துப் பூசிவிடுவது என் பொறுப்பு. பூசினேன். நீங்களெல்லாம் மதிலுக்கு வெளியே தேடினீர்கள். அவன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், கல்யாணமும் ஆகிவிட்டது என்று அவ்வப்போது கொட்டடியில் சேதி சொல்லி வந்தேன், மனு போட்டு என்னைப் பார்க்க வரும் மச்சான் சொன்னதாக. மாமியார் கொஞ்சம் கடுமை என்றும் சேர்த்துக்கொண்டேன். நம்பும்படி இருக்க வேண்டுமல்லவா.

தையல்காரர் பொறுமைசாலி. ஆனால் பார்க்க வந்த சொந்த மகளே அவரை 'மாமா' என்று கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்லைத் தூக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேஸ்திரி, எனக்கு இருட்டுன்னாலே ஆகாது. நெசமா அந்தப் பக்கம் வெளிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க சொன்னா சரிதான்."

நான் பொய் சொல்லவில்லை ஐயா. கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம் நன்றாகவே வந்தது.

பூச்சு காய்வதற்குள் கீழேயிருந்து தட்டினார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல, மரியாதையாகத்தான் தட்டினார். நான் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, போகிறவரைப் பாடி அனுப்பி வையுங்கள் என்றேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் பாடினார்கள். எதற்கென்று தெரியாமலே வாசலில் நின்ற காவலர்கூடத் தாளம் போட்டார். அப்படி அவர்கள் பாடி நான் கேட்டதில்லை. தட்டுவது நின்ற பிறகும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருந்தால் அவர் ஒருவர் பிழைத்திருப்பார். மற்றவர்களெல்லாம் மறுபடி போர்வைக்குப் போயிருப்பார்கள்.

கொட்டடியில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு என்றே சொல்லிவிடுங்கள். என் வழியாகப் போனவர்கள் யாரும் பிடிபடவில்லை என்று அங்கே நம்புகிறார்கள். இன்று காலை வரைக்கும் அது உண்மையும்கூட.

இவ்வளவு தெரிந்தவர் நீங்கள் ஏன் போகவில்லை என்று அவர்களும் கேட்பார்கள். எல்லோரும் போய்விட்டால் மூடி போட ஒரு ஆள் வேண்டாமா என்பேன். மேஸ்திரிபோலத் தன்னலம் இல்லாத மனுஷன் கிடையாது என்று தையல்காரர் எல்லோரிடமும் சொல்வார்.

அவர் சொன்னால் சரிதான்.