நின்ற லாரிகளை நம்பாத செயலாளர் கோமதி அம்மையாருக்கு

சோளக் காட்டுக்கும் எண்ணெய்ச் சந்தைக்கும் பாலமிட்ட பண்பாளரே! மக்காச்சோள மணியை உள்ளங்கையில் உருட்டியே ஈரம் இத்தனை சதவீதம் எனச் சொல்லி, கருவியையே வெட்கப்பட வைத்த வித்தகரே! வடகரப்பதி மக்காச்சோள உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளராய்ச் சீருடன் பணியாற்றி, இன்று விடைபெறும் கோமதி அம்மையாரே! எங்கள் அன்பும் வணக்கமும் உங்களுக்கு உரியன.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் எடைச்சீட்டு எழுத வந்தீர்கள். அந்நாளில் எங்கள் சோளத்துக்குக் கோழிப்பண்ணையை விட்டால் வேறு கதியில்லை. தீவன ஆலைக்காரர் சொன்னதே விலை. பிறகு பெட்ரோலில் எத்தனால் என்னும் எரிசாராயம் கலக்கும் காலம் பிறந்தது. அதைக் காய்ச்ச முதலில் கரும்புக்கு யோகம் அடித்தது. கரும்பு சர்க்கரைக்கே போதாது என்ற நிலை வந்ததும், ஆலைகள் சோளத்தைத் தேடி ஓடிவந்தன. பெருமாட்டி ஊர்ப்பக்கத்துத் தென்னந்தோப்புகளின் ஊடேகூடச் சோளம் ஊன்றினார்கள். ஆளுக்கொரு சந்தை மேதையாகி, டீக்கடையில் விலை நிர்ணயித்தோம்.

சென்ற ஆண்டு அறுவடை முடிந்தபோது கிடங்கில் நாற்பது லாரிச் சோளம் நிறைந்திருந்தது. நூற்றுப்பத்துக் குடும்பங்களின் ஓராண்டு உழைப்பு அது. கேரள எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கத்து எத்தனால் ஆலை வாசலில் இரண்டு கிலோமீட்டருக்கு லாரிகள் நின்றன. வரிசை நீண்டால் விலை ஏறும் என்பதே எங்கள் ஊர்க் கணக்கு. இன்னும் ஒரு மாதம் பொறுத்து விற்போம் என்று குதித்தோம். நீங்களோ பேருந்து ஏறிப் போய், ஓட்டுநர்களை ஒவ்வொருவராய் விசாரித்துத் திரும்பினீர்கள். அன்று கூட்டத்தில் நீங்கள் சொன்னதை இன்றும் மறக்கவில்லை.

"ஏனுங்க, நிக்கிற லாரிய எண்ணி என்னங்க பண்றது? நாலு நாளா ஒரு லாரிகூட எறக்கலீங்க."

பெட்ரோல் விற்கும் எண்ணெய் நிறுவனங்கள் கேட்ட எத்தனாலைவிட ஆலைகள் தர முன்வந்தது மிக அதிகம் என்பதையும், கொடுக்க இடமின்றி ஆலைத் தொட்டிகள் நிரம்பிவிட்டன என்பதையும், அரசுக் கிடங்கு அரிசியும் எத்தனாலுக்குப் போவதால் சோளத்துக்கு மவுசு குறையும் என்பதையும் பொறுமையாக விளக்கினீர்கள். பழைய தீவன ஆலைகளுக்கே உடனே விற்போம் என்றீர்கள். எங்களுக்குக் கோபம் தலைக்கேறியது. துணைத்தலைவர் குருசாமி எழுந்து, "வெல ஏறுற நேரத்துல வித்துத் தொலைக்கறவங்க கையில கிடங்குச் சாவி எதுக்குங்க?" என்றார். உங்களைப் பொறுப்பிலிருந்து நீக்கச் சங்கப் பதிவேட்டில் தீர்மானம் எழுதி, முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்திட்டோம்.

சங்க விதிப்படி தீர்மானம் செல்லுபடியாகப் பதினைந்து நாள் ஆகவேண்டும். விதியை வரிக்கு வரி அறிந்த வீராங்கனையே! அந்தப் பதினைந்து நாளில் நாற்பது லாரியையும் ஏற்றி அனுப்பிக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கியும் வைத்துவிட்டீர்கள். எங்களோடு பேச்சுவார்த்தை அறவே இல்லை. பார்த்தால் ஒரு சிரிப்பு மட்டும்.

இருபதாம் நாள் விலை மளமளவென்று சரிந்தது. ஆலை வாசலில் நின்ற லாரிகள் பாரத்தோடு திரும்பின. சுற்றுவட்டாரக் கிடங்குகளில் சோளத்தை வண்டு தின்றது. எங்கள் கிடங்கில் வண்டு தின்ன ஒரு மணியும் இல்லை. எங்கள் நூற்றுப்பத்துக் குடும்பங்களில் ஒன்றுகூட நட்டப்படவில்லை. தீர்மானத்தை நாங்களே ரத்து செய்து, கிடங்குச் சாவியை உங்களிடமே திருப்பித் தந்தோம். வென்றீர்கள் அம்மையாரே, எங்கள் அனைவரையும் எதிர்த்து, எங்களுக்காகவே வென்றீர்கள்!

அதன்பின் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. வெட்கம் தாளாமல் குருசாமி பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனபோதும் தடுத்தீர்கள். "இருக்கட்டுங்க, அடுத்து வர்ற செக்ரட்டரிக்கு ஒரு தைரியம் வரும்" என்றீர்கள். அப்போதே நாங்கள் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

நோய் அண்டாத உடலும் நிறைந்த உறக்கமும் பெற்று, மக்களும் சுற்றமும் சூழ நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ வேண்டும். சந்தை நிலவரம் கேட்டு நாங்கள் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்தாதிருக்க வேண்டும்.

இன்று காலை பொதுக்குழு கூடி, அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தது: "தவறு எங்களுடையது, அம்மையார் மன்னிக்க வேண்டும்." முதல் கையெழுத்து குருசாமியுடையது.

இவண்,
அன்று கையெழுத்திட்ட அதே முப்பத்தெட்டுப் பேரும்,
சங்க ஊழியர்கள் அனைவரும்,
வடகரப்பதி.