காலால் பிறந்தவனுக்கு ஒரு சீட்

— அப்ப, கேட் பக்கத்துல எங்க வாட்ச்மேன் முதுகுல கால் வெச்சுக்கிட்டு நின்னது நீதான்.

— ஆமாங்க மேடம். அதாவது மேடம், மிதிக்கல. சும்மா வெச்சேன்.

— பிசியோதெரபி காலேஜுல சீட்டு கேட்டு வந்த பையன். இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம் இருக்கு. பிரின்சிபால் ஜன்னலுக்கு நேரா வாட்ச்மேனைக் குப்புறப் போட்டு ஏறி நிக்கிற.

— நான் சொல்றேங்க மேடம். ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். அந்த அண்ணன்தான் இடுப்பப் புடிச்சுக்கிட்டு மொனகிக்கிட்டு இருந்தாரு. எம்புள்ள காலால பொறந்தவன்னு நாந்தான் சொன்னேன். சொல்லி வாய மூடல, துண்ட விரிச்சுப் படுத்துட்டாரு.

— ஒரு நிமிஷம். நீங்க அவன் அம்மாவா?

— பாக்யலட்சுமிங்க. விக்கிரமங்கலம். இவங்கப்பா ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறாரு. பெரியவ மணிமொழி வெளிய பெஞ்சுல பையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. ஆறு மணி பஸ்ஸப் புடிச்சு அரியலூர்ல மாறி வந்தோம்.

— சரிம்மா, பேசாம உக்காருங்க. தம்பி, உன் பேரு அறிவுச்செல்வன். பத்தாவதுல அறிவியல்ல இருபத்து மூணு மார்க்கு. பேரு வெச்சவங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க.

— ஆமாங்க மேடம்.

— கணக்கு முப்பத்தஞ்சு. கரெக்டா முப்பத்தஞ்சு.

— அதுக்கு நான் மாரியம்மனுக்குப் பொங்க வெச்சேங்க.

— அம்மா. நான் அவன்கிட்ட கேக்குறேன். ஏன் தம்பி இப்படி?

— அதாவது மேடம், எங்க வூட்டு வாசல்ல காலையில அஞ்சு மணிக்கே ஆளுங்க வந்துருவாங்க. பள்ளிக்கூடம் கெளம்புறதுக்குள்ள ஏழெட்டு முதுகு ஆயிடும். சாயங்காலம் வந்தா லாரி டிரைவருங்க. மூணு வயசுலேர்ந்து இதே வேலைதான்.

— மூணு வயசுல எப்படி மிதிப்ப?

— தூக்கிப் புடிச்சுக்குவாங்க. காலு மட்டும் என்னுது.

— தலைக்கு முன்னாடி கால் வெளிய வந்து பொறந்த பிள்ளை மிதிச்சா சுளுக்கு போயிடும். அதானே உங்க ஊர் கணக்கு?

— எங்கூரு கணக்கு மட்டும் இல்லைங்க. எல்லா ஊரு கணக்கும் அதாங்க. உங்க வாட்ச்மேனு துறையூர்க்காரராம். அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

— அம்மா, நீ சும்மா இரேன்.

— அறிவியல் பரீட்சையில என்ன ஆச்சு? அதையாச்சும் சொல்லு.

— சூப்பர்வைசரா வந்த சார், ஹால்ல என்னைப் பாத்ததும், நீதானே அந்த விக்கிரமங்கலத்துப் பையன்னு கேட்டாரு. கழுத்து ஒரு பக்கமா திரும்பல அவருக்கு. பக்கத்து ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் திரும்பி வரதுக்குள்ள நாப்பது நிமிஷம் போயிடுச்சு.

— கழுத்தை மிதிச்சியா?

— ஐயோ, இல்லைங்க. கழுத்துல கால் வெப்பாங்களா? கையால மெதுவா நீவி விட்டேன். அவருக்குத் திரும்பிடுச்சு. எனக்குத்தான் போன நேரம் திரும்பல. முதுகெலும்பு பத்தி ஒரு கேள்வி இருந்துச்சு மேடம். மொத்தம் எத்தனை எலும்புன்னு. அத்தனை முதுகுல ஏறி நின்னிருக்கேன், ஒண்ணும் எழுதத் தெரியல. அன்னிக்குத்தான் முதல் தடவையா வெக்கமா இருந்துச்சு.

— இப்பத் தெரியுமா?

— சின்ன வயசுல முப்பத்து மூணுங்க. பெரியவங்க ஆனதும் கீழ இருக்கிறது ஒட்டிக்கிட்டு இருபத்தாறு. மறு பரீட்சையில அதே கேள்வி வரும்னு படிச்சுட்டுப் போனேன். வரல. ஆனா பாசாயிட்டேன்.

— பன்னண்டாவதுல உயிரியல் எழுபத்து நாலு. பரவாயில்லையே. சயின்ஸ் குரூப்பு எப்படிக் கொடுத்தாங்க?

— ஒளிவு மறைவு இல்லாம சொல்றேங்க. ஹெட்மாஸ்டருக்கு இடுப்புல வாயு.

— அம்மா.

— நெசத்தைத்தானடா சொல்றேன். மூணு வாரம் மிதிச்சுத்தான் குரூப்பு வாங்குனோம்.

— மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க ஏன் வலது பக்கமாவே சாஞ்சு உக்காந்திருக்கீங்க?

— நாற்காலி அப்படி. இங்க கேள்வி கேக்குறது நான். உனக்கு எதுக்கு பிசியோதெரபி? உனக்குத்தான் பொறக்கும்போதே டிகிரி கொடுத்து அனுப்பியிருக்காங்களே.

— அதாவது மேடம், எங்க தெருவுல இராமலிங்கம் மாமா. கடலை மூட்டையத் தூக்கும்போது புடிச்சுக்கிச்சு. கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. நான் தொட்டுப் பாத்தேன். பாதத்துல உணர்ச்சியே இல்ல. கிள்ளினாலும் தெரியலைங்கிறாரு. மிதிக்க மாட்டேன்னுட்டேன்.

— அப்புறம்?

— ஊரே திட்டுச்சு. தலைக்கனம் ஏறிடுச்சுன்னாங்க. நான்தான் வேன் புடிச்சு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். டிஸ்க்குன்னாங்க. ஒரு பிசியோதெரபி அக்கா, படுக்க வெச்சு, காலை எப்படித் தூக்கணும், எப்படி மூச்சு விடணும்னு ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் கூடவே போய் உக்காந்து பாத்தேன். ரெண்டு மாசத்துல மாமா தானா நடந்து வயலுக்குப் போனாரு. மேடம், அன்னிக்கு நான் மிதிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

— கால் போயிருக்கும்.

— அதாங்க. அதைத்தான் படிக்கணும். யாரை மிதிக்கக் கூடாதுன்னு.

— ம். வாட்ச்மேனுக்கு என்ன பண்ணினே? வரிசையா சொல்லு.

— எங்க வலிக்குது, காலுக்கு இறங்குதா, மரத்துப் போகுதா, கீழ எங்கியாச்சும் விழுந்தீங்களான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல. ஸ்டூல்லயே நாளெல்லாம் குனிஞ்சு உக்காந்து செல்லு பாக்குறாரு. எப்படி உக்காரணும்னு சொன்னேன். ரெண்டு பயிற்சி செய்ய வெச்சேன். கடைசியாத்தான் கால் வெச்சேன்.

— அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. கால் எதுக்கு?

— கால் வெக்கலைன்னா பயிற்சிய நாளைக்குச் செய்ய மாட்டாங்க மேடம். வைத்தியமே நடக்கலைன்னு நெனச்சுக்குவாங்க.

— ஒரு நிமிஷம். அம்மா, உங்களுக்கு இடுப்பு வலி வர்றதில்லையா?

— வராமங்களா? ரெண்டு புள்ள பெத்தவ. களையெடுத்துட்டு வந்தா நிமிர முடியாது.

— அப்ப உங்களுக்கும் மிதிச்சு விடுவானா?

— எனக்கா? எனக்கு எதுக்குங்க. நான் தைலம் தேச்சுக்குவேன்.

— அம்மா என்னை மிதிக்க விட்டதே இல்ல மேடம். ஊரே வரிசையில நிக்கும். அம்மா மட்டும் தைலம்.

— பெத்தவ முதுகுல புள்ள கால் படலாமாடா? அதாங்க மேடம். வேற ஒண்ணுமில்ல.

— சரி. தம்பி, நீ படிச்சு முடிச்சதும் என்ன பண்ணப் போற?

— ஊருலயே ஒரு கிளினிக்கு வெக்கணும் மேடம்.

— போர்டு கூட எழுதியாச்சுங்க. பஸ் ஸ்டாப்புல ஃபிளெக்ஸும் வெச்சுட்டோம். காலால் பிறந்த கைராசி டாக்டர் அறிவுச்செல்வன்னு. காலுக்கு மட்டும் பெரிய எழுத்து.

— சீட்டே இன்னும் கொடுக்கல.

— கொடுத்துருவீங்கன்னுதாங்க.

— கொடுக்கிறதா இல்லம்மா.

— மேடம், மார்க்கு கம்மிதாங்க. ஆனா நான் ராப்பகலா படிச்சு…

— மார்க்கு இல்ல தம்பி. இருபத்து மூணு வாங்கிட்டு எழுபத்து நாலுக்கு ஏறினவனை நான் விட மாட்டேன். ஆனா நாலரை வருஷம் நான் கத்துக்கொடுத்து அனுப்புவேன். நீ ஊருக்குப் போய், எல்லாம் என் கால் ராசின்னு உக்காருவ. உனக்குத் தெரிஞ்சதை ஜனங்க நம்ப மாட்டாங்க, உன் பொறப்பை நம்புவாங்க. சரி, நீயே சொல்லு. அந்தக் கால்ல ஏதோ இருக்குன்னு நீ நம்புறியா?

— அதாவது மேடம்…

— நேரா சொல்லு.

— கொஞ்சம் இருக்குமோன்னு தோணுங்க. இத்தனை பேருக்குச் சரியாயிருக்கே. எனக்குன்னு வேற என்னங்க தெரியும்?

— அந்தக் கொஞ்சம்தான் எனக்கு வேணாம். நீங்க கெளம்பலாம்.

— வாம்மா. போலாம்.

— இருடா. மேடம், இருங்க. ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன்.

— இவ்வளவு நேரமும் அப்படித்தானேம்மா சொன்னீங்க?

— இல்லைங்க. இப்பத்தான் சொல்லப் போறேன். இவன் காலால பொறக்கலைங்க.

— அம்மா?

— காலால பொறந்தது மணிமொழி. ஆலத்தியூர்ல எங்கம்மா வூட்டுல. பொம்பளப் புள்ள போற வர்ற லாரிக்காரனையெல்லாம் மிதிச்சுக்கிட்டு நின்னா நாளைக்கு எவன் கட்டுவான்னு எங்க மாமியா சொல்லிருச்சு. ஆனா சேதி கசிஞ்சிருச்சு. புள்ள காலால பொறந்துச்சாமேன்னு விக்கிரமங்கலமே கேக்குது. ரெண்டு வருசம் மழுப்பினேன். இவன் பொறந்ததும், அவ இல்ல, காலால பொறந்தது இவன்தான்னு சொல்லி ஊர் வாயை அடைச்சுட்டேன்.

— அப்ப நான் தலையாலயா பொறந்தேன்?

— நீ தலையாலயும் இல்லடா. ஆபரேசன்.

— பதினஞ்சு வருசமா என்னைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பி மிதிக்க வெச்சியேம்மா. பத்தாவதுல பெயிலானேனே.

— அதை நெனச்சு நெனச்சுத்தான்டா நான் தைலம் தேச்சேன். உன்னை ஏமாத்திப்புட்டு உன் காலையும் வாங்கிக்க மனசு வரல.

— ஒரு நிமிஷம், ரெண்டு பேரும் இருங்க. தம்பி, அழாதே. அப்ப அந்த சாருக்குக் கழுத்து திரும்பிச்சே, அது யாரு பண்ணது?

— நானுங்க.

— இராமலிங்கத்தை மிதிக்காம விட்டது?

— நானுங்க.

— ராசி ஏதாச்சும் இருந்துச்சா?

— இல்லைங்க போலருக்கு.

— ஃபாரத்தை இப்படிக் கொடு. கையெழுத்துப் போட்டுட்டேன். ஆபீஸ்ல கொடுத்துட்டு ரசீது வாங்கிக்க. முதல்ல அந்த ஃபிளெக்ஸைக் கழட்டு.

— மேடம், உங்க காலைத் தொட்டு…

— காலைப் பத்தி இனிமே பேசாதே. போ. அம்மா, நீங்க இருங்க. கதவைச் சாத்துங்க.

— மேடம், இது வெளிய யாருக்கும் தெரிய வேணாங்க. மணிமொழிக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம்.

— என் வாயிலேர்ந்து வராது. நாற்காலி மேல தப்பில்லம்மா, என் இடுப்புதான். அவளை மட்டும் கொஞ்சம் உள்ள வரச் சொல்லுங்க. செருப்பை வெளியிலயே விட்டுட்டு.