ஆத்தங்குடிக் கருப்பியும் அறுவை மருத்துவர் யூஜினியாவும்

அவைக்கு அழகூட்டும் தலைவர் அவர்களே! கல்லலிலிருந்து காலையிலேயே வந்து காத்திருக்கும் பெரியவர்களே! பந்தல் நிறையப் பாசத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நம் பாராட்டை ஏற்க வந்திருக்கும் டாக்டர் யூஜினியா அவர்களே! காரைக்குடி ஹனிபாவின் கனிவான வணக்கம்.

கல்லல் விவசாயி சூசைமரியானின் மகள் யூஜினியா. வரப்பில் நடந்த கால்கள் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நடந்தன; கடல் கடந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளும் நடந்தன. மார்பகப் புற்றை அறுத்தெறியும் கை அது! அறுத்த பிறகும் ஏன் திரும்புகிறது என்று கேட்ட அறிவு அது! நோயோடு போரிடும் அணுக்கள் நம் உடம்பிலேயே உண்டு. அந்தப் படை, புற்றைக் கண்டும் ஏன் உறங்குகிறது? அதை எழுப்ப முடியாதா? எலிகளை வைத்து ஆராய்ந்தார். "கத்தி பிடிக்கிற கைக்கு எலியோடு என்ன வேலை?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் சலித்தார்கள், இவர் சலிக்கவில்லை!

தொண்ணூற்று மூன்றில் தாயகம் திரும்பியவர், இதே காரைக்குடியில் மார்பகப் பரிசோதனை முகாம் நடத்தினார். பெண்கள் திரண்டு வந்தார்களா? இல்லை! மார்பில் கட்டி என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். என்னம்மா, தலையைக் குனியிறீக? உங்களைக் குறை சொல்லலை. சொல்லவிடாத நம்ம ஆம்பளைகளைத்தான் சொல்றேன்!

வந்தவர் ஒரே ஒருவர். ஆத்தங்குடி தரைக்கல் பட்டறையில் மணல் சுமக்கும் கருப்பி. சோதித்த டாக்டர் மறைக்காமல் சொன்னார்: புற்றுதான்.

"ஏதோ புது மருந்து கண்டுபிடிக்கிறீகளாமே தாயி, அதைப் போடுங்க. அறுக்க வேணாம்" என்றார் கருப்பி.

புகழுக்கு ஏங்குபவர் என்ன செய்திருப்பார்? யூஜினியாவோ கருப்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அது எலிக்குத்தான் கேட்டிருக்குக்கா. மனுசருக்குக் கேக்குமான்னு எனக்கே தெரியாது. தெரியாததை உங்க உடம்புல ஏத்த மாட்டேன். அறுத்தாத்தான் பொழைக்க வழி இருக்கு."

கருப்பி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி, அறுங்க. அறுத்ததைத் தூக்கிப் போட்றாதீக. வச்சுப் படிங்க. எனக்குப் பின்னாடி வர்றவளுக்காச்சும் அறுக்காம மருந்து கெடைக்கட்டும்."

தட்டுங்கள் கையை! இன்னும் பலமாக!

அறுவை முடிந்தது. அந்தக் கட்டிக்குள்ளேயே கருப்பியின் படையணுக்கள் புகுந்து நிற்பதைக் கண்டார் டாக்டர். பிரித்தெடுத்தார்; ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்; கண்ணாடிக் கிண்ணத்தில் புற்றணுக்களோடு மோதவிட்டார். உறங்கிய படை எழுந்தது! உக்கிரமாய் எழுந்தது! புற்றணுக்கள் மடிந்தன! மணல் சுமந்த ஒரு தாயின் உடம்பு தந்த பாடத்தை, வெளிநாட்டு விஞ்ஞானிகள் எழுந்து நின்று பாராட்டினார்கள்.

நம் விழாக்குழுத் தங்கச்சாமி "புற்றுநோயை ஒழித்தவரே வருக" என்று வரவேற்பு வளைவில் எழுதிவைத்தார். இன்று வந்திறங்கியதும் அதைத்தான் பார்த்தார் டாக்டர். "அண்ணே, அழிச்சிருங்க. கிண்ணத்துலதான் செத்திருக்கு. இன்னும் எம்புட்டோ வேலை கெடக்கு" என்றார். தங்கச்சாமி, சிரிக்காதீக, நீங்க அழிச்சதை நாங்க எல்லாரும் பார்த்தோம்!

பொய்ப் புகழை வாசலிலேயே நிறுத்திய இந்த நேர்மைக்காக அல்லவா நாம் நெஞ்சு நிமிர்த்த வேண்டும்!

தாய்மார்களே, நாளைக் காலை மறுபடியும் முகாம். முதல் நாற்காலியில் கருப்பியே இருப்பார், நலமாக, உங்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போக. வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. உயிர்காக்கும் எங்கள் டாக்டருக்கு ஊரின் வணக்கம்!