பின்னால் இருப்பவன்தான் என்ஜின்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வியர்வை ஆகாது. வியர்த்தால் கழுத்தைச் சுற்றிப் பொரிப்பொரியாகக் கிளம்பும், அரிக்கும், அப்புறம் எந்த வேலையிலும் மனம் ஓடாது. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்பது விசாரணைக் குழுவில் இருக்கும் உங்கள் மூவருக்கும் தெரியாததல்ல. கோப்பில் சேர்க்க, பந்தயத்தன்று நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். அந்த ஒரு நாளை மட்டும் எழுதினால் புரியாது. ஆகவே கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒன்பது வருடங்களாக நானும் அத்தானும் இருவர் கயாக் படகு ஓட்டினோம். அத்தான் என் அக்காவின் கணவர். முன்னால் அவர், பின்னால் நான். முன்னால் இருப்பவர் காலால் சுக்கானைத் திருப்புவார், தாளம் பிடிப்பார். பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்குத் துடுப்புப் போடுவார். படகு ஒரு முழ அகலம்தான் இருக்கும். ஓடும்போது முன்னால் இருப்பவர் தலையைத் திருப்பினால் இருவரும் ஆற்றில் குளிக்க வேண்டியதுதான். அதனால் அவர் பின்னால் இருப்பவரைப் பார்ப்பதே இல்லை. இந்த விளையாட்டில் அது ஒரு நம்பிக்கை.

முதல் வாரப் பயிற்சியிலேயே எனக்குக் கை சோர்ந்தது. துடுப்பின் தட்டையான பக்கத்தால் தண்ணீரைப் பிடித்து இழுப்பதற்குப் பதில், விளிம்பை மட்டும் இறக்கிச் சும்மா உருவிக்கொண்டேன். வெண்ணெயில் கத்தி போவது போலப் போயிற்று. படகு வேகம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அத்தானின் முதுகு ஒருமுறை விம்மியது, படகு பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே விட்டுப் பார்த்தேன். அதற்கு மறுநாள் இன்னும் முன்னதாக. ஒரு மாதத்தில் நான் தண்ணீரைப் பிடிப்பதையே விட்டுவிட்டேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

இதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். துடுப்பை வலிக்காமல் வலிப்பதுபோல இருப்பதற்கு உழைப்பு வேண்டும். தாளம் ஒரு நூல் கூடத் தப்பக் கூடாது. தண்ணீர் தெறிக்க வேண்டும், ஆனால் அளவாக. கரை ஏறியதும் மூச்சு வாங்க வேண்டும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று அதைத் தனியாகப் பழகினேன். "உள்ள யாரைடா துரத்திக்கிட்டு இருக்கே?" என்று அக்கா கதவைத் தட்டுவாள்.

எங்கள் பயிற்சியாளர் கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு கரையில் சைக்கிளில் வருவார். அவர் பார்வை கடிகாரத்தில் இருக்கும், மிச்சம் இருந்தால் பாதையில் இருக்கும். "முன்னாடி இருக்கிறவன் ஸ்டியரிங், பின்னாடி இருக்கிறவன்தான் என்ஜின்" என்பது அவருக்கு வேதவாக்கு. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு முகம் கோணி வலிப்பார். என் முகம் தெளிவாக இருக்கும். பயிற்சியாளர் அத்தானிடம், "அவனைப் பாத்துக் கத்துக்க. என்ஜினே அலட்டிக்காம ஓடுது, உனக்கென்ன இந்தப் பாடு?" என்பார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, கரையில் இன்னும் இரண்டு சுற்று ஓடிவிட்டு வருவார்.

நாங்கள் நிறைய ஜெயித்தோம். ஒருமுறை பெரிய போட்டியில் மூன்றாம் இடம் கூட வந்தோம். அக்கா காலையில் வேகவைத்த முட்டைகளில் பெரியதாகப் பார்த்து என் தட்டில் வைப்பாள், என்ஜின் ஆயிற்றே. ஒன்பது வருடத்தில் பதினொரு கிலோ ஏறினேன். அத்தனையும் தசை என்று பயிற்சியாளர் எழுதி வைத்தார்.

அத்தானின் வலது தோள் நான்காம் வருடமே கெட்டுவிட்டது. மருத்துவரிடம் நான்தான் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் வேலையை ஒரு தோள்ல சுமந்த மாதிரில்ல இருக்கு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அத்தான்தான் அதிகம் சிரித்தார். பிறகு வலி மாத்திரை வாங்கிக்கொண்டு, மறுநாள் வழக்கம்போல ஆற்றுக்கு வந்தோம்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். ஒற்றைக் கயாக்கில், தனியாக, பெரிய போட்டியில் ஒரு தடவை ஓட வேண்டும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். இந்த வருடம் அவருக்கு முப்பத்தைந்து. தோள் இருக்கும் இருப்புக்கு, இதை விட்டால் இல்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். பெரிய போட்டியின் ஒற்றையர் பந்தயத்தில் எங்கள் படகு மன்றத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை அத்தானையும் என்னையும் தனித்தனிப் படகில் ஓடவிட்டு, முந்துபவருக்கு அந்த இடம் என்று பயிற்சியாளர் அறிவித்தார். நான் காய்ச்சலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் தேவைப்படவில்லை. ஞாயிறு மாலை அத்தான் படகுக் கொட்டகைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் வரல மச்சான்."

"ஏன் அத்தான்?"

"எதுக்கு வரணும்? ஒன்பது வருஷமா உன் பலத்துல ஓடிட்டு, என் பலம்னு நெனச்சுட்டு இருந்தவன் நான். தனியா உக்காந்தா லட்சணம் தெரிஞ்சிரும். நீ தனியா ஓடியிருந்தா இந்நேரம் எங்கயோ போயிருப்பே. உன்னை இழுத்துப் புடிச்சு வெச்சிட்டேன். மன்னிச்சிருப்பா."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கனத்தது, பொய் சொல்லவில்லை. அந்த நிலையில் ஒரு மனிதனிடம் விவரம் பேசினால் உடைந்துபோவார். ஆகவே அவரை மன்னித்தேன். "அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க அத்தான்" என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன், கெட்டுப்போகாத தோளை.

பந்தயத்துக்கு அவரே என் படகைத் துடைத்தார், சுக்கானை மாட்டினார், இருக்கையை என் இடுப்புக்கு ஏற்ப அகலப்படுத்தினார். ஹாரன் ஒலித்தது. மற்ற எட்டுப் பேரும் போனார்கள். நான் வழக்கம்போலத் துடுப்புப் போட்டேன். மிக அழகாகப் போட்டதாகப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். படகு நகரவில்லை. சற்று எதிர்க்காற்று இருந்ததால், கொஞ்ச நேரத்தில் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் போயிருந்தேன்.

தண்ணீரைப் பிடித்து இழுத்தால் நகரும் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கை அந்த வழக்கத்தை மறந்துவிட்டது. எப்படித் திருப்பினாலும் விளிம்புதான் இறங்கியது. அடுத்த பந்தயத்துப் பெண்கள் வந்து வரிசையாக நின்றார்கள். ஒரு பெண், "அண்ணே, கொஞ்சம் நகர்றீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். கடைசியில் விசைப்படகு வந்து கயிறு கட்டி இழுத்துப் போயிற்று.

இவ்வளவு அழகாக வலித்தும் படகு நகரவில்லை என்றால் படகில்தான் யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். நானும் அதை மறுக்கவில்லை. படகைத் தொட்டவர் அத்தான் ஒருவர்தான். பொறாமை என்று எழுதி, அவருக்கு ஆயுள் தடை போட்டீர்கள். அவரும், "எங்கயோ தப்பு பண்ணியிருப்பேன் சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா பதினொரு நாளாக அவரோடு பேசுவதில்லை. தட்டை அவர் முன் வைக்கும் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. இப்போது இரண்டு முட்டையும் எனக்கே வருகிறது. எனக்கு அது இறங்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் அல்லவா.

நேற்று பயிற்சியாளர் இருவர் படகில் எனக்கு முன்னால் புது ஆளை உட்கார வைத்தார். வங்கியில் வேலை பார்ப்பவர், எதையும் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறவர். ஐம்பது மீட்டர் போவதற்குள் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டார். படகு கவிழ்ந்தது. தண்ணீரில் மிதந்தபடியே, "நீங்க வலிக்கிறீங்களா இல்லையா?" என்றார். அத்தான் ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட இப்படிக் கேட்டதில்லை. மனிதரின் அருமை அப்போதுதான் தெரிந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை, காலையில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். படகில் ஒரு குறையும் இல்லை. ஒன்பது வருடமும் வலித்தவர் அவர், இடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான், குற்றம் அவர்மேல் விழுந்தபோது பேசாமல் இருந்தவனும் நான்தான். அவர் தடையை இன்றே நீக்கிவிடுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இரக்கப்பட்டு அவருக்கு ஒற்றைப் படகைக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் ஆள் இல்லாமல் அவருக்குப் பழக்கம் கிடையாது, அந்தத் தோளை வைத்துக்கொண்டு தனியாகக் கஷ்டப்படுவார். நான் இருக்கிறேன், பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.