— 'பட்டன் எங்கே இருக்கிறது?'

— ம், அடுத்த வரி படிங்க.

— 'பட்டன், இந்த ஃபோல்டரில் இல்லை.' அதுக்குக் கீழ, 'பட்டன், மேல் ஃபோல்டரில் இல்லை.' அதுக்கும் கீழ, 'அதற்கும் மேல் ஃபோல்டரில் இருக்கிறது.' தாயே, மூணு நாளா கம்ப்யூட்டர்ல இதைத்தான் படிக்கிறேன். பஸ் ஓட்டுறவன் பண்ற வேலையா இது?

— பொண்டாட்டி ரெண்டு கண்ணுலயும் கட்டோட உக்காந்திருக்கா. வேற யாரைப் படிக்கச் சொல்லுவா, டிரைவரே?

— டாக்டர் உன்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு.

— கண்ணுக்குத்தான் ரெஸ்ட். காதுக்கு இல்லை. படிங்க.

— முதல்ல எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. இது எதைத்தான் தேடுது?

— எங்க வெப்சைட்ல ஆயிரக்கணக்குல ஃபைல் இருக்கு. இந்தப் பட்டனும் அதுல ஒண்ணு. ஒண்ணுக்கு இன்னொண்ணு தேவை. எல்லாத்தையும் தேடிப் பிடிச்சுக் கோக்கணும், அதுதான் கம்பைல். முன்னாடி ஒரு நிமிஷம் ஆகும். சைட் வளர வளர இப்போ பதினோரு நிமிஷம். ஆபீஸ்ல இருபது பேரு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க.

— இருபது பேரு இருக்காங்கல்ல? நீயேதான் பண்ணணுமா?

— நான் இல்லாமலே எல்லாம் நடக்கும்னு ஆயிட்டா? கண்ணு பழையபடி வருமான்னே தெரியலை.

— வரும். டாக்டர் சொன்னாருல்ல?

— 'பாக்கலாம்'னாரு. கண் டாக்டர் 'பாக்கலாம்'னா நான் சிரிக்கிறதா, அழுவுறதா?

— சிரி. நான் படிக்கிறேன். 'பட்டன், இந்த ஃபோல்டரில் இல்லை.' அட, திரும்பவும் பட்டனா! இந்தப் பக்கத்துல மட்டும் இதோட ஏழாவது தடவை.

— என்ன சொன்னீங்க?

— ஏழாவது தடவைன்னேன். அதே பட்டன், அதே மூணு இடம். இப்பதானே பாத்துச்சு, அதுக்குள்ள மறந்துடுமா? என் ரூட்ல ஒரு ஸ்டாப்பை இப்படித் தேடினா வண்டி போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

— இருங்க, இருங்க. ஏழு தடவையும் பட்டனைக் கேட்டது ஒரே ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல்தானா?

— ஒரே ஃபோல்டர்தான். ஏன் தாயே, ஏதாவது தப்பாப் படிச்சுட்டேனா?

— இல்லைங்க! இதை நான் கண்ணால எத்தனையோ தடவை பாத்திருக்கேன். கடகடன்னு உருட்டிட்டுப் போயிடுவேன். நீங்க சலிச்சுக்கிட்டே படிக்கவும்தான் உறைக்குது. சரி, தேடுற வேலையைச் செய்யற ஃபைலைத் திறங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க.

— ஒத்த விரல்லதான் அடிப்பேன்.

— மெதுவாவே அடிங்க. ஒரு தடவை தேடிட்டா இருக்கிற இடத்தைக் குறிச்சு வைக்கணும். இல்லாத இடத்தையும் குறிச்சு வைக்கணும். புது ஃபைல் ஏதாவது வந்தா மட்டும் அந்தக் குறிப்பை அழிச்சுட்டு மறுபடி தேடணும்.

— இந்த அடைப்புக்குறி வளைஞ்சதா, சதுரமா?

— வளைஞ்சது. முடிச்சாச்சா? கம்பைல் பண்ணுங்க.

— ஓடுது... ஓடுது... நின்னுடுச்சு.

— நின்னுடுச்சா, முடிஞ்சுதா? என்ன போட்டிருக்கு?

— 'முடிந்தது. முப்பத்தெட்டு வினாடி.' ஏய், எதுக்கு என் கையை இப்படி இறுக்குறே? அழாதே, கட்டு நனையும்.

— அழலைங்க. என் டீம் லீடருக்குப் போன் போடுங்க. நான் முடிச்சுட்டேன்னு சொல்லணும்.

— போடறேன். திட்டாம கேப்பியா? அவரு முதல் நாளே எனக்குப் போன் பண்ணிட்டாரு. வேலையை வேற ஒருத்தர்கிட்ட குடுத்தாச்சாம், உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னாரு. இன்னிக்குக் காலையில விசாரிச்சேன், அந்த ஆளுக்கு இன்னும் ஒண்ணும் பிடிபடலையாம்.

— முதல் நாளேவா! அப்போ மூணு நாளா தொண்டைத் தண்ணி வத்த எதுக்குப் படிச்சீங்க?

— ஆஸ்பத்திரியிலருந்து வந்ததும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவ நீ. நான் இதைப் படிக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் என் பக்கம் திரும்பினே.