வெளிச்சம் புகாத மூடி

உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறது, ஐயா. நான் சொல்வதை எழுதி முடித்ததும் யாரையாவது விட்டுக் கொட்டச் சொல்லுங்கள். சும்மா கொட்டினால் போதாது, தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் சாகாது, அடுத்த தண்ணீர் வரும்வரை காத்திருக்கும்.

பழக்க தோஷம், மன்னித்துக்கொள்ளுங்கள். நகராட்சியின் கொசு ஒழிப்புப் பிரிவில் ஆய்வாளராக இருந்தவன் நான். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைத் தேடுவதுதான் வேலை. பழைய டயர், மொட்டை மாடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டித் தேங்குகிற தட்டு. இந்தக் கடைசி இடத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இழுத்துக் காட்டினால் வாயடைத்துப் போவார்கள். எதையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் சரி என்று சொன்னவனில்லை நான். டார்ச் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும்கூட. தெருவில் எனக்குப் புழுக்காரர் என்று பெயர். கொசுவைக் கையால் அடிப்பவன் ஒன்றைக் கொல்வான், தண்ணீரைக் கொட்டுபவன் குடும்பத்தையே கொல்வான் என்று என் ஆட்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். நன்றாகச் சிரிப்பார்கள்.

அச்சகக்காரர் எனக்குப் பக்கத்து வீடு. கீழே அச்சகம், மேலே குடித்தனம், பின்பக்கம் ஆள் இறங்கிக் கழுவும் அளவுக்கு ஒரு நிலத்தடித் தொட்டி. அதற்கு மூடி என்று ஒரு தகரத்தைப் போட்டிருந்தார். அதன் ஒரு மூலை நாய்க்காது போல மடங்கியிருக்கும். எத்தனையோ முறை நோட்டீஸ் கொடுத்தேன். "இந்த நோட்டீஸ உங்க ஆபீசுக்கு அச்சடிச்சுக் குடுத்ததே நான்தான் அண்ணே, எனக்கே குடுக்கறீங்களே" என்று சிரிப்பார். நல்ல மனிதர்தான். சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற நல்ல மனிதர்.

என் மகளுக்கு அவர் என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் "சித்தப்பா" என்று அச்சகத்துக்குள் ஓடிவிடுவாள். வெட்டி விழுந்த வண்ணக் காகிதத் துண்டுகளை மடி நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். இயந்திரச் சத்தத்தையும் மீறி அவள் பேச்சு எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். வாயாடி என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

மழை விட்டபின் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியதும் தேறிவிட்டாள் என்று நினைத்தோம். காய்ச்சல் இறங்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று தெருத்தெருவாக மைக் பிடித்துச் சொன்னவன் நான். என் வீட்டில் மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பிறகு பேசவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வருவதில்லை, ஐயா. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு வாய் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

காரணம் கண்டுபிடிப்பது என் தொழில். இந்தக் காய்ச்சலைப் பரப்புகிற கொசு அதிக தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றியே அதன் பிழைப்பு. காய்ச்சல் கண்ட வீட்டுக்கு ஆகக் கிட்டே இருக்கிற தண்ணீரை முதலில் பார் என்பதுதான் எங்களுக்குப் பாலபாடம். கிட்டே இருந்தது அவருடைய தொட்டி. தகரத்தை நகர்த்தி டார்ச் அடித்தேன். புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தானா அண்ணே? அவள நானா கொன்னேன்?" என்றார்.

"இல்லை" என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த மனிதர் பட்டறைக்காரரிடம் சொல்லிப் புதிய மூடி செய்வித்தார். கனமான இரும்பு, சுற்றிலும் ரப்பர், மேலே தாழ்ப்பாள். வளைந்து நின்ற காற்றுக்குழாயின் வாயில் வலையும் கட்டினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை சுத்தமாக இருந்தது. தொட்டியை இறைத்துவிட்டுத் தானே உள்ளே இறங்கித் தேய்த்தார். தண்ணீர் நிறைந்ததும் குழாயை அடைக்கிற மிதவையையும் கழுவுவதற்காகக் கழற்றி வெளியே வைத்திருந்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பிற்பகல் நேரம், அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மூடியப் போட்டுப் பாருங்க அண்ணே. எங்கயாவது வெளிச்சம் தெரியுதான்னு நான் உள்ளேருந்து சொல்றேன்" என்றார்.

அது நான் சொல்லிக் கொடுத்த சோதனைதான். வெளிச்சம் நுழையும் இடத்தில் கொசுவும் நுழையும். ஏணியை மேலே எடுத்துவிட்டு மூடியைப் போட்டேன். ஏணி இருந்தால் மூடி உட்காராது.

"எங்கயும் தெரியல அண்ணே" என்று காற்றுக்குழாய் வழியாகச் சொன்னார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டேன். தாழிடாத மூடி மூடியே இல்லை. பிறகு, தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரமாகிவிட்டதால், தொட்டிக்குப் போகும் வால்வைத் திறந்தேன்.

முதலில் சிரித்தார். "அண்ணே, தண்ணி வருது" என்றார். அப்புறம் தட்டினார். நான் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து "வாயாடிக்காகத்தான்னா சரி அண்ணே, ஆனா என் பிள்ளைங்க இருக்காங்க" என்றார். நியாயமான பேச்சு. கடைசியில் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர்தான் வந்தது. வால்வை அடைத்தேன். ஆய்வு முடிந்த வீடுகளுக்குப் போடுவது போல அவர் வீட்டுக் கதவில் சாக்பீஸால் தேதி போட்டு, பார்த்தாயிற்று என்று குறித்தேன். சாயங்காலம் அவர் மனைவி தேடி வந்தபோது, தொட்டிக்குள் இருக்கிறார் என்று சொன்னதும் நான்தான். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆகவே இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஐயா. தெரிந்தே செய்தேன், நான் ஒருவனே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. நேற்று என் மனைவி உங்களிடம் வந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றி ஏதோ சொன்னாளாமே, அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. மழைக்காலத்தில் அவள் சொன்னது உண்மைதான். "பின்னாடி தட்டுல தண்ணி தேங்கியே கெடக்குதுங்க. என்னால நகர்த்த முடியல, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். மகள் அந்த ஃப்ரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்துதான் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். "ஊருக்குத்தான் உபதேசம்" என்று மனைவி சொல்ல, அவளும் அதையே பாட்டாகப் பாடினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு தெருவில் வேலை வந்துவிட்டது.

மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, எல்லாரும் முன்னறையில் இருக்கும்போது, நான் போய் அந்தத் தட்டை இழுத்துக் கழுவுதொட்டியில் கொட்டினேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஓரமெல்லாம் தேய்த்தேன். வீடு சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். அந்த மூலை பகலிலும் இருட்டு. அதனால் தண்ணீரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்க்காத ஒன்றை இருந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? என் மனைவியும் பார்க்கவில்லை. அச்சகக்காரர் தொட்டியில் இருந்ததைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

டார்ச் சட்டைப்பையில்தான் இருந்தது. அடிக்கவில்லை, அவ்வளவுதான்.